வடக்கே தலை வைக்காமல் ஓசூர் வரை

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுவதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று ஐம்பத்தேழு வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சுபாவத்தில் நான் அவசரக்காரன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்து, ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தேன். தலைமுடியின் பருமனில் கால்வாசி பிசகினாலும் செய்த பாகத்தைத் தூக்கிக் குப்பையில் போடுகிற உத்தியோகம். சாலையிலும் அதே புத்திதான். சிக்னலில் பச்சை விழுந்த பிறகு முன்னால் நிற்பவன் ஒரு நொடி யோசித்தால் போதும், என் கை ஹாரனில் இருக்கும்.

அந்தக் கையை அடக்கியது ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். பின்சீட்டைத் தாண்டியும் கூரை அப்படியே நீண்டுபோய், டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவோடு முடியுமே, அந்த ரகம். நம் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. செய்தவர்களே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் பின்சீட்டை மடக்கிப் போட்டால் உள்ளே ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதற்காகத்தான் வாங்கினேன். படுக்க வேண்டியவள் என் மனைவி சாந்தா.

ஏழு மாதம் முன்பு அரிசி மூட்டையைக் குனிந்து இழுத்தவள், நிமிரவில்லை. இடுப்பில் டிஸ்க் பிதுங்கிவிட்டது என்றார் டாக்டர். படுக்கலாம், ஐந்து நிமிஷம் நிற்கலாம், கேட் வரைக்கும் நடக்கலாம். உட்கார மட்டும் முடியாது. உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் முகம் வெளுத்துவிடும். அன்றிலிருந்து மேலே சுற்றுகிற மின்விசிறிதான் அவள் பார்த்த ஊர். நான் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, கரண்டியைக் கையில் எடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகள் நித்யாவுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்தில் அவளைக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்புக்குத் தாய் போய் வளையல் போட்டு, மகளைத் தலைப்பிரசவத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், அதுதான் முறை. தாய் வரவில்லை என்றால் மகளும் வரமாட்டாள். சாந்தா படுத்த இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணி, மகளுக்கென்று ஒதுக்கிய அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவைத்திருந்தாள். தொட்டில் கட்டும் கொக்கியில் என்னையே தொங்கிப் பார்க்கச் சொன்னாள். நானும் தொங்கினேன்.

அப்புறம் நித்யாவின் மாமியார் போன் செய்தார். நல்ல மனுஷி. நீங்களே முடியாமல் கிடக்கிறீர்கள், அலைய வேண்டாம், பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகத்தான் சொன்னார். சாந்தா சரிங்க, சரிங்க என்று கேட்டுவிட்டு, போனை வைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வைத்துப் போகலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் வாய் திறந்தாள்.

"வளைகாப்புக்கு ஆம்புலன்ஸ்ல போய் எறங்கறதா? அதுக்கு நான் போகாமயே இருந்துக்கறேன்."

நியாயம்தான். ஆம்புலன்ஸாக இல்லாமல், படுத்துக்கொண்டு போகக்கூடிய வண்டி எது என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வண்டி ஆனேக்கல்லில் இருந்தது. ஆனேக்கல் கர்நாடகம்.

எங்களுக்கு வெளிநாடு என்றால் அதுதான். பஸ் ஏறி அரை மணியில் எழுத்து மாறிவிடும், சாம்பாரில் வெல்லம் விழுந்துவிடும். முப்பது வருஷமாகியும் அந்த வெல்லத்தோடு எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டு இட்லி சாப்பிட்டு, அந்தச் சாம்பாரைச் சபித்துவிட்டு, விலாசம் தேடிப் போனேன்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். எழுபது வயதிருக்கும். காரின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காத்திருக்கிற தகப்பன் மாதிரி. வெள்ளை பழுப்பாகிப்போன நீளமான கார். உள்ளே நாய் வாசனை. மூலையெல்லாம் நாய் முடி. எனக்குத் தெரிந்த கன்னடம் டீக்கடைக்குக் காணும், பேரத்துக்குக் காணாது. ஆனாலும் எதற்கு வாங்குகிறாய் என்று அவர் கேட்டது புரிந்தது. மனைவியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக என்றேன். அவர் எழுந்து வந்து பின்கதவைத் திறந்தார். திறந்த கதவு நிற்கவில்லை. தலையில் இறங்கப் பார்த்தது. ஒரு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்தார்.

இதில் தான் முப்பது கன்றுக்குட்டிகளாவது ஏற்றியிருப்பதாகக் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். கால் உடைந்தது, விஷச்செடி தின்றது, பாம்பு கடித்தது எல்லாம் இதில்தான் படுத்து வந்தன.

"ஒன்று சொல்கிறேன் கேளுங்கள்," என்றார். "இதில் படுத்து வந்த எதுவும் வழியில் செத்ததில்லை."

அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே விஷயம் புரிந்துவிட்டது. இந்த வண்டியை விரட்ட முடியாது. ஸ்டியரிங் கனம். கியரை மாற்றினால் அது கேட்டுக்கொண்டு, யோசித்து, அப்புறம்தான் விழும். பள்ளம் வந்தால் முன்பக்கம் இறங்கி ஏறி, சற்றுப் பொறுத்துப் பின்பக்கம் இறங்கி ஏறும். அந்த ஆட்டம் அடங்கவே பத்து மீட்டர் ஆகும். முதல் ஐந்து கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை. ஜன்னலைக் கையால் சுற்றி இறக்கினேன். ஓசூர்க் காற்று குளிராக உள்ளே வந்து, அந்த நீளமான முதுகு முழுக்கச் சுற்றிவிட்டு, என் பிடரியைத் தொட்டுக்கொண்டு வெளியே போனது. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். கையை வெளியே நீட்டி, போப்பா போ என்று வழிவிட்டேன். நானா இது என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்த மூன்று நாள் சாயங்காலமும் ஓட்டிப் பழகுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பழகுவதெல்லாம் சும்மா. எனக்கு ஆசையாக இருந்தது. ஒருநாள் தொரப்பள்ளி, ஒருநாள் தேன்கனிக்கோட்டைச் சாலையில் பாதி. ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே வரும். கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிற முகங்கள். முப்பது வருஷம் நானும் அப்படித் தூங்கிக்கொண்டே கடந்த சாலைதான். இருபக்கமும் ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலில் பால் நிறமாகத் தெரிவதை இப்போதுதான் கண் திறந்து பார்க்கிறேன். மழை தூறினால் உள்ளே நாய் வாசனை எழும். அதுகூடப் பிடித்துப்போயிற்று.

தெருவில் வேறு பேச்சு. எதிர்வீட்டு மதுரைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்ன சார், அமரர் ஊர்தி ஓட்டப் போறீங்களா?" என்றார். நம்பர் பிளேட் கர்நாடகம் என்பதால் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரரே என்னைத் தெரியாமல் கன்னடத்தில் விசாரித்தார். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த அமரர் ஊர்தி சாந்தாவின் காதில் விழுந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலை மெத்தையை விரித்து, டேப் வைத்து அளந்தேன். வண்டிக்குள் ஐந்தடி ஒன்பது அங்குலம். சாந்தா ஐந்தடி ஒன்று. மூங்கில் குச்சிக்குப் பதிலாக நானே ரப்பர் குல்லா மாட்டி ஒரு இரும்புக் கம்பி செய்திருந்தேன். தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படு, வெளியே பார்க்க வசதி என்றேன். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கால் முன்னால போற மாதிரி நான் படுக்கமாட்டேங்க. பொணத்தைத்தான் அப்படிக் கொண்டுபோவாங்க."

சரி என்று தலையை என் சீட்டுக்குப் பின்னால் வைத்து, காலைக் கதவுப் பக்கம் நீட்டிப் படுத்தாள். இன்னொரு வசதியும் வாய்த்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி தென்கிழக்கு. அவள் தலை தெற்கே இருந்தது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதில் சாந்தா வீட்டார் அத்தனைபேரும் கறார். லாட்ஜில் தங்கினால்கூடக் கட்டிலைத் திருப்பிப் போடுகிறவர்கள். அந்தப் பயணத்தில் இரண்டு கணக்கும் சரியாக இருந்தது.

நான்குவழிச் சாலையை விட்டுவிட்டு ராயக்கோட்டை வழியே போனேன். வெயில் இன்னும் ஏறவில்லை. சாந்தாவுக்குச் சாலை தெரியாது, வயல் தெரியாது. எல்லாவற்றின் மேல்பாதி மட்டும்தான் தெரியும். என் காதுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் யாரோ ஒரு ஜோடிச் செருப்பைக் காயவைத்திருக்கிறார்கள். பேனரில் இருக்கிற தலைவருக்கு முடி மட்டும் தெரிகிறது. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கிற குருவிகள் நாம் போனாலும் பறக்கமாட்டேன் என்கின்றன. உத்தனப்பள்ளி வந்ததை அவள்தான் முதலில் சொன்னாள், கொத்தமல்லி வாசனையை வைத்து. முப்பது வருஷத்தில் அவள் என்னோடு அவ்வளவு பேசிய நினைவில்லை. நான் அவ்வளவு மெதுவாக ஓட்டிய நினைவும் இல்லை.

ராயக்கோட்டையில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பக்கத்தில் தக்காளிக் கூடை ஏற்றிய ஒரு லாரி. டிரைவர் மேலிருந்து எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ, அசையாமல் ஒரு பெண். அவர் முகம் தொங்கிவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக் கைகுவித்தார். சாந்தா பார்த்தாள். அவளும் படுத்தபடியே இரண்டு கையையும் குவித்து, வணக்கம் என்றாள்.

டிரைவர் கண்ணைத் திறந்தார். அடுத்து அவர் தலை லாரிக் கூரையில் இடித்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு சிரித்துச் சிரித்து, தெலுங்கில் நூறு வயசு இருக்கணும் தாயே என்று வாழ்த்தி, நாலு தக்காளியை என் ஜன்னல் வழியே கொடுத்தார். சாந்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

"சிரிக்க வெக்காதீங்க, இடுப்பு வலிக்குது," என்றாள். கேட் திறந்த பிறகும் வழியெல்லாம் விட்டு விட்டுச் சிரித்தாள்.

சம்பந்தி வீட்டு வாசலில் பத்துப்பேர் நின்றிருந்தார்கள். நான் பின்கதவைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தேன். முதலில் வெளியே வந்தது சாந்தாவின் இரண்டு கால்கள். அதை நான் யோசிக்கவில்லை. நின்றவர்கள் அத்தனைபேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். சாந்தா மெல்ல நகர்ந்து இறங்கி, நின்று, கொசுவத்தைச் சரிசெய்தாள். சம்பந்தியம்மா ஓடிவந்து கையைப் பிடித்து வாங்க வாங்க என்றார். ஆனால் அவர் கண் வண்டியின் மேலேயே இருந்தது.

ராத்திரி கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும். எங்கள் ஊரில் கம்பங்களி உண்டு, கையில் ஒட்டும். இந்தக் களி உருட்டினால் உருள்கிறது, தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று உருண்டை விழுங்கிவிட்டு மாமரத்தடியில் நின்றேன். வைகாசி மாதம், கிளைகள் காய்க்கனத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் வளைகாப்பு. கூடத்தில் ஒரு ஓரமாகக் கயிற்றுக் கட்டில் போட்டு சாந்தாவைப் படுக்கவைத்திருந்தார்கள். அவள் முறை வந்ததும் எழுந்து போய் நித்யாவின் முன்னால் நின்றாள். சந்தனம் பூசி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஐந்து நிமிஷம் தாண்டிவிட்டது. அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியதை நான் பார்த்தேன், நித்யாவும் பார்த்தாள். ஆனாலும் கடைசி வளையல்வரை அவள் கையை எடுக்கவில்லை. சம்பந்தியம்மா சாந்தாவின் கையிலும் ஒரு டஜன் போட்டுவிட்டார்.

சாப்பாடு முடிந்த பிறகு பேச்சு வந்தது. சம்பந்தியம்மா கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க. நீங்க படுத்திருக்கீங்க. அவளும் படுத்துட்டா யாருங்க பாக்கறது?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆம்பளை நீங்கள் என்ன பார்ப்பீர்கள் என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் சாந்தா முந்திக்கொண்டாள்.

"ரசம் என்னைவிட நல்லா வெப்பாருங்க. சொன்னா தலைக்கு ஏறிக்கும்னு இதுவரைக்கும் சொன்னதில்லை."

அது எனக்கே செய்தி. சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. ரசமெல்லாம் சரிதான், அந்த வண்டிதான் மனசுக்கு ஒப்பவில்லை என்றார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை அந்த மாதிரி வண்டியில் எப்படி அனுப்புவது? வேறு கார் வைத்து அனுப்புகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்போது நித்யா வாயைத் திறந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தனக்குக் கால் வீங்கிவிடுகிறது, அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் போவேன் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சாந்தா சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாளோ என்று எனக்குப் பதறியது.

சம்பந்தியம்மா எழுந்து விறுவிறுவென்று வண்டிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தூக்கி, மாட்டு டாக்டர் சொன்ன கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னேன். அவர் வீட்டில் எட்டு மாடு. கவனமாகக் கேட்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறி மெத்தையில் படுத்துவிட்டார். கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். பக்கக் கண்ணாடியில் மாங்கிளைகள் வந்து உரசிக்கொண்டிருந்தன. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"எங்க தோப்பு இங்கிருந்து பாத்தா வேற மாதிரி இருக்குதுங்க," என்றார்.

இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வரைக்கும் மேற்கே போகிற சாலை. தலை முன்னால் வைத்துப் படுக்கலாம், தப்பில்லை. ராயக்கோட்டை தாண்டினால் சாலை வடக்கே திரும்பும். அங்கே வண்டியை நிறுத்தி, இரண்டு பேரையும் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், தலை பின்னால், கால் முன்னால். அப்படிப் போனால் அது பிணம் போகிற மாதிரி ஆகாதா என்று நானே கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அவரிடம் பதில் இருந்தது.

"செத்தவங்க தனியாத்தான் போவாங்க. ரெண்டு பேரு பேசிக்கிட்டே போனா அந்தக் கணக்கு வராது. ஆனா வடக்க மட்டும் தலை வெக்காதீங்க சம்பந்தி. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

கொடுத்தேன்.

ஐந்து மணி வாக்கில் கிளம்பினோம். முன்சீட்டில் ஒரு கூடை மாம்பழம். அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார் மாப்பிள்ளை. பின்னால் என் தலைக்கு நேரே சாந்தா, அவள் வலக்கைப் பக்கம் நித்யா. மேற்கு வெயில் கண்ணாடியில் நேராக விழுந்து, வண்டி முழுக்கப் பழ வாசனை எழும்பிற்று. இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் சில நேரம் இரண்டு கைகள் மேலே உயர்ந்து எதையோ சுட்டிக்காட்டும். மேகமாக இருக்கலாம், அந்தத் தண்ணீர்த் தொட்டிச் செருப்பு மாதிரி ஏதாவதாக இருக்கலாம். நான் வேகத்தை முப்பத்தைந்துக்கு இறக்கினேன். ஓசூர் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாலை தீர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

ராயக்கோட்டை கேட்டைத் தாண்டும்போது வளையல் சத்தம் நின்றுவிட்டிருந்தது. சொன்ன சொல் தப்பாமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். போனில் திசைகாட்டியைப் பார்த்தேன். எனக்கு அளக்காமல் இருக்க முடியாது. வடமேற்கு, அதுவும் வடக்கு ஓங்கிய வடமேற்கு. இறங்கிப் போய்ப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நித்யாவின் தலை சாந்தாவின் தோளில் கிடந்தது. ஆறு வயதில் தூங்குவதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் கோணலாக நீண்டிருந்தது.

பின்கதவைத் தூக்கினால் கிறீச்சிடும். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரி. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்; ஆனாலும் திசைகாட்டியை எடுத்து இன்னொருமுறை பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, பெங்களூரா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல ஆரம்பித்தாயிற்று, எங்கே சொன்னால் என்ன. கம்பியை முன்சீட்டுக்கு அடியில் போட்டு, சத்தமில்லாமல் என் பக்கக் கதவைச் சாத்தி, வண்டியை எடுத்தேன்.

உத்தனப்பள்ளியில் விளக்குப் போட்டிருந்தார்கள். செண்டுமல்லிக் காடுகள் இருட்டுவதற்கு முன்னால் ஒருமுறை மஞ்சளாகி அடங்கின. என் பின்னால் இரண்டு தலைகள் வடக்கே பார்த்துத் தூங்கிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு வேகத்தடையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினேன். வளையல் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நித்யா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, அந்தச் சுண்ணாம்பு அடித்த அறையைப் பார்க்க ஓடினாள். சாந்தா ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தியம்மா போனில் கேட்டார், திருப்பிப் படுக்கவைத்தீர்களா என்று. வைத்தேன் என்றேன். பக்கத்தில் படுத்திருந்த சாந்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வந்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நித்யா ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டால் எனக்கு வடக்கு ஞாபகம் வரும். ஸ்கேனுக்கு உள்ளே போய் ஐந்து நிமிஷம் கூடுதலானால் எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வேன். ரசம் வைத்தேன், கஞ்சி வைத்தேன், துணி துவைத்தேன். ஒருநாள் விடியற்காலையில் அதே வண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெண் குழந்தை. சுகப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அழுததைப் பார்த்த நர்ஸ், பெண் பிறந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்துத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் நித்யாவையும் குழந்தையையும் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய் விட்டோம். சாந்தா இப்போது அரை மணி நேரம்போல உட்கார்கிறாள். உத்தனப்பள்ளி வரைக்கும் பின்னால் படுத்து வந்தவள், அங்கே எழுந்து முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் தாயும் பிள்ளையும் தூங்கினார்கள். தலை தெற்கே. அந்தப் புளியமரம் வந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. ராயக்கோட்டைவரை மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிறுத்தியது, கம்பியோடு நின்றது, டீ குடித்தது, போனில் சொன்ன பொய்.

சாந்தா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதமாக அவள் பார்க்காத கீழ்ப்பாதி அது, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நிறுத்தினது தெரியும். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள்.

பின் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"புள்ள அப்பத்தான் தூங்குனா. அங்க அவளுக்குத் தூக்கமே இல்லைன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தா. வளையல் சத்தத்துல முழிச்சுக்கப் போறான்னு ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டேன், ஓசூரு வரைக்கும்."

உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாமயா இருக்கும்? அதான் அவ தலையை இழுத்து என் தோள்மேல போட்டுக்கிட்டேன். கோணலாத்தானே படுத்திருந்தா, தலை கிழக்க பாத்து? வடக்கு எனக்கு மட்டுந்தான்."

எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. சாலை காலியாகத்தான் இருந்தது. கிருஷ்ணகிரி வரும்வரை நான் அதை முந்தவில்லை.